கீச்சுக்குரல்கள் போன பிறகு

மருத்துவமனையில் நான்காவது மாதம், ஒரு நாள் காலையில் குருவிகள் கத்தவில்லை. சன்னலுக்கு வெளியே இருந்த மரத்தை விட்டு எங்கோ போய்விட்டன என்று நினைத்தேன்.

பக்கத்துக் கட்டில் தேவியிடம் மலாயில் கேட்டேன். அவள் மலாக்கா செட்டிப் பெண். பெயர் நம் பெயர், பேச்சு மலாய். அவளும் என்னைப் போல மலாக்காவின் காஜா பெராங் பகுதிக்காரிதான். சன்னலைக் கை காட்டினாள். கிளை நிறையக் குருவிகள். அலகுகள் திறந்து திறந்து மூடின.

எனக்குக் காசநோய். தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) போட்டார்கள். காய்ச்சல் விட்டது, எடை கூடியது. சில வாரங்களாகக் காதில் ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சலும் இருந்தது. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. வீட்டில் நான்கு வயது மகள் மீனா இருந்தாள். வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். அவளிடம் போய்ச் சேர எனக்கு அந்த ஊசி வேண்டியிருந்தது.

அதே ஊசி போட்டுக்கொண்ட தேவியும் ஒன்றை மறைத்திருந்தாள். கண்ணை மூடினால் அவளுக்குத் தரை சாய்ந்தது. முகம் கழுவும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். வார்டு வானொலியில் பாட்டு வந்தால் எனக்கு மத்தளம் கேட்டது, புல்லாங்குழல் கேட்கவில்லை. அவளுக்கு இரண்டும் கேட்டன, நிற்கத்தான் முடியவில்லை. “உனக்கு நான் காது, எனக்கு நீ கால்” என்றாள். தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தோம். மறுநாள் டாக்டரிடம் சேர்ந்தே சொன்னோம்.

டாக்டர் தமிழர். இரண்டு இசைக்கவைகளை (தட்டினால் ஒலிக்கும் உலோகக் கவை) ஒவ்வொன்றாக என் காதருகே பிடித்தார். பெரியதன் தடித்த ஒலி கேட்டது, சிறியதன் கீச்சொலி கேட்கவில்லை.

“ஏம்மா இத்தனை நாளா சொல்லல?”

“ஊசிய நிறுத்திருவீங்கன்னு பயம், டாக்டர்.”

“நிறுத்தத்தான் போறேன். மாத்திரையும் பொடியும் இருக்கு, அதுலயே சொகமாயிரும். போன சத்தம் திரும்பாது. இருக்கிறத காப்பாத்திக்கலாம்.”

இதைப் படிக்கும் உங்களில் யாராவது இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தால், முதல் இரைச்சலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைத்தெருவில் மெர்டேக்காவுக்காக (மலாயாவின் சுதந்திர நாளுக்காக) கொடிகள் கட்டிக்கொண்டிருந்தபோது வீடு திரும்பினேன். மீனா வாசலில் நின்று ஏதோ சொன்னாள். பாதிதான் கேட்டது. எனக்குக் கண் கலங்கியது. என் கணவர் அவளருகே குந்தி, “அம்மாவுக்குக் கீச்சுக்குரல் கேக்காது லா. அப்பா மாதிரி பேசு” என்றார்.

மீனா மோவாயைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு, “அம்மா, சாப்ட்டியா?” என்றாள். முழுதாகக் கேட்டது. ஒரு வாரம் வீட்டில் எல்லோரும் அந்தக் குரலில்தான் பேசினோம்.

கடைசி எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் எனக்கு இனி இல்லை. நேரம் போவதை இப்போது மூச்சில்தான் அறிகிறேன். அது அடிவயிறு வரை போய்த் திரும்புகிறது.

எக்ஸ்ரே பார்த்து வந்த அன்று மாலை மீனா என் செருப்பைத் தூக்கிக்கொண்டு சந்தில் ஓடினாள். துரத்தினேன். கிணற்றடி தாண்டி, கோயில் மதில் தாண்டி ஓடிப் பிடித்தேன். அவள் மூச்சு வாங்க, தடித்த குரலில், “போதும்மா, நில்லுன்னு எத்தன வாட்டி கத்தினேன்” என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்திருக்கிறேன். இருமவே இல்லை.