கொறற்றி வாங்கிய பிட்சர்

கொறற்றி தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட பேஸ்போல் மட்டையைக் கையில் எடுத்ததில்லை. ஆனாலும் கார்ல்ஸ்ரூஹேக்கு வடக்கே, ரைன் நதியோரத்துச் சிற்றூர் ஒன்றின் பேஸ்போல் கழகத்தில் யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் சில வருடங்களாக அவள் சொல்படிதான் நடந்துவந்தது.

மன்னாரிலிருந்து தமையனோடு புறப்பட்டு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அவளுக்குப் பதினேழு வயது. அகதி முகாம், மொழி வகுப்பு, வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி என்று வாழ்க்கை ஓடியது. நாற்பதை நெருங்கியபோது அந்த அலுவலகத்தில் அவள் இல்லாமல் ஒன்றும் நகராது என்ற நிலை வந்திருந்தது. வீடுகளுக்கு வெப்பமூட்டும் கருவிகள் பொருத்துகிற கெய்ஸ்லர் என்பவர் அங்கே வாடிக்கையாளர். ஹெரோன்ஸ் பேஸ்போல் கழகத்தின் தலைவரும் அவர்தான். கழகம் மூழ்கப்போகிறது, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று அவர்தான் கேட்டார்.

கொறற்றி பார்த்தாள். கையிலிருந்த பணத்தில் பெரும்பங்கை வயது போன ஓர் அடிகாரனுக்குக் கொடுத்திருந்தார்கள். அவன் அடித்தால் பந்து வேலிக்கு அப்பால் போகும், சனம் எழுந்து நின்று கைதட்டும். "அவர் அடிக்காத நாட்களில் என்ன நடக்கும்?" என்று அவள் நிர்வாகக் குழுவைக் கேட்டாள்.

அமெரிக்காவில் அணிகளின் மேலாளர்கள் சம்பளப் பணத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று அவள் கணினியில் தேடித்தேடி வாசிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். பணக்கார அணிகள் பெயருக்குக் காசு கொடுக்கின்றன. ஏழை அணிகள் மற்றவர்கள் கவனிக்காததை வாங்குகின்றன. பெரிய அடிக்குச் சந்தையில் விலை அதிகம். கெட்ட பந்து நான்கையும் தொடாமல் பொறுமையாக நின்று, விதிப்படி முதல் தளத்துக்குச் சும்மா நடந்துபோகிறவனுக்கு விலையில்லை. ஆனால் வெற்றிக்கு அவனும் வேண்டும். கொறற்றி அப்படிப்பட்டவர்களைத் தேடி எடுத்தாள். அடிகாரனை அனுப்பி மிஞ்சிய சம்பளத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஹெரோன்ஸ் தோற்பதை நிறுத்தியது. அவளுடைய கணவன் கிறிஸ்தோப்பர், "மீன் சந்தையிலை செவுள் பாத்து வாங்கிற மாதிரியெல்லோ ஆள் வாங்கிறாள்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

அவள் காசு கொடுக்காமல் எடுத்த ஒரே நல்ல ஆட்டக்காரன் லக்ஸன். மாதத்தில் ஒரு ஞாயிறு நடக்கும் தமிழ்ப் பூசையில் பழக்கமான வெரோனிக்காவின் மகன். வெரோனிக்கா யாழ்ப்பாணத்து நாவாந்துறைக்காரர், கொறற்றியைவிடச் சில வயது மூத்தவர். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து மகனைத் தனியாக வளர்த்தவர். லக்ஸன் கேட்சர். அடிப்பவனுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருந்து, பிட்சர் எறிகிற ஒவ்வொரு பந்தையும் பிடிக்கிற வேலை அது. முழங்கால் போய்விடும் என்று மற்றவர்கள் ஒதுங்கிய இடத்தில் அவன் பன்னிரண்டு வயதிலேயே போய்க் குந்திவிட்டான்.

2005 மார்கழியில், பள்ளிக்கூடம் முடித்திருந்த லக்ஸனுக்கு ஸ்ருட்கார்ட்டில் இயந்திரத் தொழில் பழக அவுஸ்பில்டுங் இடம் கிடைத்தது. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் அவன் கொறற்றியிடம் வந்தான்.

"ஸ்ருட்கார்ட்டுக்குப் போனா நீ விளையாட்டை விட்டிடுவாய்" என்றாள் கொறற்றி. "இஞ்சை நில்லு. சித்திரையிலையிருந்து சின்னப் பிள்ளையளுக்குப் பழக்கிற வேலை, சம்பளத்தோடை. பயிற்சியாளர் லைசென்ஸ் எடுக்கிற செலவும் கழகம் பாக்கும்."

"நிச்சயமோ அன்ரி? அவங்களுக்கு நான் மறுமொழி சொல்ல வேணும்."

"ஓம். நான்தானே சொல்லுறன்."

அவன் ஸ்ருட்கார்ட்டுக்கு இல்லை என்று எழுதிப்போட்டான்.

மாசி மாதத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நெப்ராஸ்காக்காரனான டெரிக் என்ற பிட்சர், ஒரு கோடைகாலம் ஐரோப்பாவில் விளையாட விரும்பினான். தோளில் ஒரு பழைய காயம் இருந்ததால் மற்றக் கழகங்கள் பயந்து ஒதுங்கியிருந்தன. கொறற்றி அவனுடைய ஆட்ட விவரங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தோள் நோவுக்குப் பிறகு அவன் வேகத்தைக் குறைத்திருந்தான், ஆனால் வீண் பந்து எறிவதேயில்லை. மற்றவர்கள் காணாததை அவள் கண்டுவிட்டாள். இவன் வந்தால் ஹெரோன்ஸ் முதலாம் பிரிவுக்குப் போகும். விமானச் சீட்டு, சின்ன வீடு, கைச்செலவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கழகத்தில் மிஞ்சியிருந்த பணத்துக்குச் சரியாக இருந்தது. லக்ஸனுக்கென்று ஒதுக்கிய பணமும் அதற்குள்தான் இருந்தது.

நிர்வாகக் குழுவில் அவள் பேசி முடித்ததும் எல்லாரும் தலையாட்டினார்கள். கெய்ஸ்லர் மட்டும், "அந்தப் பையனிடம் பேசிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

"பேசுகிறேன்" என்றாள்.

பேசவில்லை. டெரிக் கையெழுத்து வைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று முதலில் நினைத்தாள். அவன் வைத்துவிட்டான். அடுத்த கிழமை லக்ஸனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாள், அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது என்று விட்டாள். பங்குனி மாதத் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது வெரோனிக்கா ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸோடு காத்திருந்தார். "என்ரை பிள்ளையைப் பக்கத்திலை வைச்சிருக்கப் பண்ணினீர். மாதா உம்மைக் கைவிடமாட்டா" என்று சொல்லிப் பெட்டியை அவள் கையில் திணித்தார். கொறற்றி ஒரு ரோலை எடுத்து அவருக்கு முன்னாலேயே கடித்தாள். முழுவதையும் தின்று முடித்தாள். நல்ல ருசி என்று சொன்னாள்.

பங்குனி முடிகிற நேரம் லக்ஸன் அலுவலகத்துக்கே வந்தான். சைக்கிளை வெளியே சாத்திவிட்டு, காலணியிலிருந்த ஈரத்தை மிதியடியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"அன்ரி, கொன்ராக்ற் எப்ப கையெழுத்து வைக்கிறது?"

அவன் முகத்தைப் பார்த்தபோதே அவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்கு விளங்கியது. அவள் வாயால் வரட்டும் என்று அவன் இடம் விடுகிறான். கொறற்றி டெரிக்கைப் பற்றிச் சொன்னாள், முதலாம் பிரிவைப் பற்றிச் சொன்னாள், இருக்கிற பணத்தில் ஒன்றுதான் முடியும் என்று சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலாக மாறியிருப்பது அவளுக்குக் கேட்டது.

"விளங்குது அன்ரி. பெடியங்கள் கதைச்சவங்கள். நான் ஸ்ருட்கார்ட்டுக்கு ரெலிபோன் அடிச்சுக் கேட்டனான். மாசியிலை அந்த இடம் சும்மா கிடந்ததாம். போன கிழமைதான் வேறை ஆளை எடுத்தவங்களாம்."

அவன் கதவு வரை போய்த் திரும்பினான்.

"பிட்சர் எப்ப வாறார்?"

"சித்திரை முதல் கிழமை."

"அப்ப நான்தானே கேட்ச் பண்ண வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் கோடை முழுவதும் அவன்தான் பிடித்தான். விடிய முன்னர் எழும்பிப் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, பின்னேரம் மைதானத்துக்கு வருவான். டெரிக்கின் பந்துகளைப் பிடித்துப் பிடித்து இடது உள்ளங்கை வீங்கியிருக்கும். ஆட்டம் முடிந்ததும் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு தனியே இருப்பான். கொறற்றியைக் கண்டால் "சுகமோ அன்ரி" என்று கேட்பான். ஒரு நாள்கூட முகம் கோணவில்லை. அவன் திட்டியிருந்தால் நல்லது என்று அவள் நினைத்தாள்.

அவளுடைய கணிப்பு எள்ளளவும் பிசகவில்லை. டெரிக் எறிந்த நாட்களில் எதிரணிகள் தடுமாறின. புரட்டாதியில் ஹெரோன்ஸ் முதலாம் பிரிவுக்கு ஏறியது. மைதானத்தில் விழா வைத்தார்கள். மேயர் வந்து கொறற்றிக்குப் பூங்கொத்துக் கொடுத்தார். குறைந்த செலவில் இவ்வளவு செய்த மூளை இதுதான் என்று கெய்ஸ்லர் ஒலிவாங்கியில் சொன்னார். டெரிக் தன் முறை வந்தபோது, "என் பந்தைப் பிடித்தவனுக்கும் ஒரு பூங்கொத்துக் கொடுங்கள்" என்றான். எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். கொறற்றி திரும்பிப் பார்த்தாள். லக்ஸன் மைதானத்தின் மறு அந்தத்தில் வலைகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அந்தப் பூங்கொத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. போகிற வழியில் தேவாலயத்தில் மாதாவுக்கு முன்னால் வைத்தாள். காணிக்கையாக அல்ல, வேறு எங்கே வைப்பதென்று தெரியாமல்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை வெரோனிக்காவின் வீட்டுக்குப் போயிருந்தாள். வெரோனிக்கா குசினியில் கறி கூட்டிக்கொண்டே மகனைப் பற்றிப் புலம்பினார்.

"கையிலை வந்த இடத்தைத் தானே வேண்டாமெண்டவன். இஞ்சை வேலையும் தனக்குச் சரிவராதாம். இப்ப பெட்டி தூக்கிறான். சோம்பேறி. நான் ஒவ்வொரு நாளும் பேசுறன், ஒரு சொல் திருப்பிச் சொல்லுறானில்லை."

கொறற்றிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆறு மாதமாக அவன் தாயிடம் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு பேச்சு வாங்கியிருக்கிறான். அவளால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, அவனைப் பேசாதேங்கோ. நான்தான் அவனை நிக்கச் சொன்னனான். பிறகு அந்தக் காசிலை அமெரிக்கனை எடுத்தனான். அவனுக்கு நேரத்துக்குச் சொல்லவுமில்லை."

வெரோனிக்கா அடுப்பை அணைத்தார்.

"பங்குனிப் பூசைக்கு நான் ரோல்ஸ் கொண்டந்தனான். அப்ப உமக்குத் தெரியுமோ?"

"ஓம் அக்கா."

"சாப்பிட்டனீரே" என்றார் வெரோனிக்கா. கொறற்றி தன் மேலங்கியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

உண்மையைச் சொன்னால் நெஞ்சு இலேசாகும் என்று நினைத்திருந்தாள். கொஞ்சம் இலேசாகத்தான் இருந்தது, மறுநாள் லக்ஸன் தொலைபேசியில் அழைக்கும் வரை. அவன் சத்தமாகப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏன் அன்ரி அம்மாட்டைச் சொன்னனீங்கள்?"

"அவ உன்னைப் பேசுறா, லக்ஸன். செய்தவள் நான்..."

"பேசட்டும்! அவ என்னைப் பேசினா பின்னேரம் மறந்திடுவா, சோறு போடுவா. இப்ப பூசைக்கும் வரமாட்டன் எண்டிறா. இஞ்சை அவவுக்கு எண்டு இருந்தது நீங்கள் ஒராள்தான். உங்கடை பாரத்தை இறக்கிறதுக்கு எங்கடை வீட்டைத்தானோ பாத்தனீங்கள்?"

அவள் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டான்.

கொறற்றி அலுவலகத்து வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, அவனுக்கு உள்ளூரிலேயே அவுஸ்பில்டுங் இடம் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் மரியாதையாக ஒரு வரி எழுதி அனுப்பினான். ஆஹென் நகரத்தில் மின்தூக்கி பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் தானாகவே இடம் தேடிக்கொண்டான். அந்தக் குளிர்காலத்தோடு கழகத்தைவிட்டும் விலகினான். முதலாம் பிரிவில் கேட்சர் இல்லாமல் நிற்க முடியாது. இத்தாலியிலிருந்து ஒருவனை அழைக்க வேண்டியதாயிற்று. லக்ஸனுக்குக் கொடுப்பதாகச் சொன்னதைப்போல இரண்டு மடங்கு அவனுக்குப் போனது. நிர்வாகக் குழு ஒரு கேள்வியும் கேட்காமல் கைதூக்கியது. ஹெரோன்ஸ் எப்படியோ கீழே விழாமல் தப்பியது.

விலகிவிடலாம் என்று ஒருநாள் கிறிஸ்தோப்பரிடம் சொன்னாள். "நீ விட்டா அந்தப் பெடியனுக்கு என்ன வரப்போகுது?" என்று அவன் கேட்டான். அவள் விலகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரையாவது எடுப்பதற்கு முன்னர், அதனால் இடம் இழக்கப்போகிறவனை முதலில் அழைத்துச் சொல்லிவிடுவாள். அப்படி ஒருவனோடு பேசி முடிக்கிற நாட்களுக்குள் நல்லதோர் ஆட்டக்காரன் வேறு கழகத்துக்குப் போய்விட்டான். கெய்ஸ்லருக்குச் சரியான கோபம். "முன்பு நீங்கள் இப்படி இருக்கவில்லையே" என்றார். இல்லைத்தான் என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

வெரோனிக்கா நெடுங்காலம் பூசைக்கு வரவில்லை. பிறகு வந்தபோது மறுபக்க வரிசை வாங்கில் இருந்தார். கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான்.

2011 ஆவணியில் கெவலார் மாதா திருவிழாவில், ஆயிரக்கணக்கான தமிழ்ச் சனத்துக்குள் யாரோ பின்னாலிருந்து "அன்ரி" என்று கூப்பிட்டார்கள். லக்ஸன். தோள் அகன்று, தாடி விட்டிருந்தான். படிப்பு முடித்து ஆஹெனிலேயே வேலை என்றான். விளையாடுவதில்லையாம், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறானாம், காசு வாங்காமல் சும்மா. டெரிக் எப்படி இருக்கிறான் என்று அவனே கேட்டான்.

"அவனை நானும் எடுத்திருப்பன் அன்ரி" என்றான் பிறகு. "அவன்ரை பந்தைப் பிடிச்சவன் நான். எனக்குத் தெரியும். ஆனா எனக்கு மாசியிலை ஒருக்கால் அடிச்சுச் சொல்லியிருக்கலாம்."

"ஓம். சொல்லியிருக்கலாம்."

"அம்மா அங்காலை நிக்கிறா. வாங்கோ."

அவன் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னே நடக்க, அவள் பின்னால் போனாள். ஒரு மரத்தடியில் வெரோனிக்கா செபமாலையோடு நின்றிருந்தார். முன்னரைவிட மெலிந்திருந்தார். கொறற்றியைக் கண்டதும் உதடுகளின் முணுமுணுப்பு நின்றது. மேலும் கீழும் ஒருதரம் பார்த்தார்.

"வெயிலுக்கை நிக்காதையும்" என்றார்.

கொறற்றி நிழலுக்குள் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கும் சொற்கள் தொண்டை வரை வந்தன. அவற்றைச் சொன்னால் சுகம் வரப்போவது தனக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல், வெரோனிக்கா மறுபடி தொடங்கிய செபத்தோடு தானும் சேர்ந்துகொண்டாள்.