விமானத்துக்கு ஊற்றிய விருந்து

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். யுத்தம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. நான் மதுவிலக்கு இலாகாவில் புதிதாகச் சேர்ந்த சப்-இன்ஸ்பெக்டர். இருபத்து நாலு வயது, முறுக்கின மீசை, ஊர் உலகத்தைத் திருத்தியே தீருவது என்ற வைராக்கியம். இந்த மூன்றையும் பார்த்துவிட்டோ என்னவோ, என்னைத் தூக்கிக் கொல்லிமலையில் போட்டார்கள்.

அப்போது மலைக்கு பஸ்ஸும் கிடையாது, ரோடும் கிடையாது. அடிவாரத்திலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். மேலே நாலைந்து ஊர் சேர்ந்தால் அதை ஒரு நாடு என்பார்கள்; ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் அரை நாள் நடை. நான் ஒரு ஊருக்குள் நுழைவதற்கு முன்னாலேயே நான் வருகிற செய்தி அந்த ஊருக்குப் போய்விடும். நான் போய்ச் சேரும்போது எல்லோரும் சாமைக் கூழைக் குடித்துக்கொண்டு பரம சாதுவாக உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் எனக்கு என் மூக்கின் மேல் அபார நம்பிக்கை. பத்தடி தள்ளி நின்றே சாராய வாடையைப் பிடித்துவிடுவேன் என்று இலாகாவில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான்.

ஒரு நாள் தேவனூர் நாட்டில் இருந்தேன். திருப்புலி நாட்டில் ஒரு சாமைக் காட்டில் ஆகாயக் கப்பல் வந்து இறங்கியிருக்கிறது என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். நான் நம்பவில்லை. மறுநாள் நடந்து போய்ப் பார்த்தால், அறுவடை முடிந்த காட்டில் இரண்டு அடுக்கு றெக்கையோடு நிஜமாகவே ஒரு சின்ன விமானம் நிற்கிறது. சுற்றிலும் திருவிழாக் கூட்டம். றெக்கைக்குக் கீழே நிழலில் பைலட் உட்கார்ந்திருந்தார். மதராஸ் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். ஏதோ ஒரு பறக்கும் கிளப்பின் விமானமாம். மேகத்தில் வழி தவறி, பெட்ரோலும் தீர்ந்துபோகிற நேரத்தில் இந்தக் காடு கண்ணில் பட்டதாம். இறக்கிவிட்டேன் என்றார். கிளப்புக்குத் தந்தி அடிக்கச் சொல்லி, இறங்கின அன்றைக்கே ஒரு ஆளை ராசிபுரத்துக்கு அனுப்பியிருந்தார்.

அவர் பேசப் பேச எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. மனிதர் மேல் அப்படி ஒரு சாராய வாடை. கோட்டில், கையில், தலைமுடியில்கூட. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். கொல்லிமலையில் எட்டு மாதமாக ஒரு கேஸ் பிடிக்காதவனுக்கு ஆகாயத்திலிருந்து ஒரு கேஸ் வந்து விழுந்திருக்கிறது.

குடித்திருக்கிறீரா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் இந்த வாடை எங்கிருந்து வருகிறது என்றேன். அவர் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார், தரையைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. கூட்டமும் வாயைத் திறக்கவில்லை. மதுவிலக்குக்காரன் வந்தால் மலையில் யாருக்கும் பேச்சு வராது, அது எனக்குப் பழக்கம்தான்.

விமானக்காரர்களுக்குத் தனியாக ஏதாவது சட்டம் உண்டா என்று அவரிடமே கேட்டேன். பாவம், மறைக்காமல் சொன்னார்.

"குடிச்சிட்டு அந்த சீட்ல ஏறி உக்காந்தாலே குத்தம் சார். லைசென்ஸ் போயிடும். ஜெயில்கூட உண்டு."

இப்படி ஒரு சட்டம் மாட்டு வண்டிக்காரர்களுக்கு இருந்திருந்தால் அந்தக் காலத்தில் நாமக்கல் சந்தைக்கு ஒரு வண்டி வந்திருக்காது. ஆனால் எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. அவர் லைசென்ஸைக் காட்டச் சொன்னேன். மெழுகுத் துணியில் சுற்றி உள்சட்டைக்குள் வைத்திருந்தார். கிடைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. விமானம் ஓட்டுகிற தமிழர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிற காலம் அது. அந்தச் சின்னப் புத்தகத்தை என்னிடம் கொடுக்கும்போது அவர் விரல் அதை விடவே இல்லை. நான் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்கினேன்.

உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். வாடை அடித்தது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதுகிற ஜோரில், 'குடிபோதையில் ஓட்டி வந்ததால்தான் விமானம் வயலில் விழுந்தது' என்று ஒரு வரி சேர்த்தேன். அப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. படிக்க நன்றாக இருந்தது, எழுதிவிட்டேன். லைசென்ஸையும் ரிப்போர்ட்டையும் ஒரு கவரில் போட்டு நாமக்கல் தாசில்தாருக்கு ஆள் மூலம் அனுப்பினேன். மாஜிஸ்திரேட் அதிகாரமும் அவரிடம்தான் இருந்தது.

பிறகு இரண்டு நாள் பைலட்டுக்கு நான் காவல். அந்த ஊர்க்கவுண்டர் வீட்டிலிருந்துதான் எங்கள் இருவருக்கும் சாப்பாடு வந்தது. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, மலைத்தேன். கவுண்டர் நாற்பத்தைந்து வயது ஆள், பேச்சில் மகா கெட்டி. பைலட்டுக்கு மட்டும் தேன் இரண்டு மடங்கு விழுந்தது. எனக்கு இலை ஓரத்தில் ஒரு சொட்டு. பைலட் சரியாகச் சாப்பிடவே இல்லை. லைசென்ஸ் இருந்த இடத்தை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொள்வார். குற்றம் செய்தவன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

விமானம் இறங்கின நாலாம் நாள் காலையில் தாசில்தார் டோலியில் வந்து சேர்ந்தார். கனத்த சரீரம். டோலி தூக்கினவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்தான் அப்பாடா என்று படுத்துவிட்டார். சற்று ஓய்வெடுத்து விசாரிக்கிறேன் என்று சாவடிக்குள் போய்விட்டார். அவர் பின்னாலேயே கிளப்பின் மெக்கானிக்கும் தலைச்சுமையாகப் பெட்ரோல் டின்களும் வந்தன.

மெக்கானிக் நேரே விமானத்தில் ஏறினார். புதுப் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் டேங்கில் இருப்பதைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கமாம். குழாயைத் திறந்தார். ஒரு குவளையில் பிடித்தார். முகர்ந்தார். அப்படியே என் பக்கம் நீட்டினார். நான் முகர்ந்தேன். முதல் தரமான பட்டைச் சாராயம்.

மெக்கானிக் மறு பேச்சில்லாமல் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். டேங்கில் இருந்ததெல்லாம் சலசலவென்று மண்ணில் கொட்டியது. அதுவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்த ஊர்க்கவுண்டருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. என்னை யார் என்று மறந்துவிட்டு ஓடிவந்தார்.

"ஏனுங்க சாமி, விருந்துக்கு ஊத்துனதை இப்படி மண்ணுல கொட்டுறீங்களே, இது நாயமுங்களா? மூணு ஊட்டுச் சரக்குங்க அது."

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். மலையேறி வந்த விருந்தாளியின் வாயும், அவரைச் சுமந்து வந்த மாட்டின் வாயும் காயக்கூடாது. மாட்டுக்கும் களைப்புத் தீர ஒரு மூங்கில் குழாய் சாராயம் புகட்டுவார்கள். பைலட்டுக்கு முதல் நாளே கொடுத்திருக்கிறார்கள். அவர் கும்பிட்டு, குடித்தால் லைசென்ஸ் போய்விடும், ஜெயில் என்று சட்டத்தை விளக்கியிருக்கிறார். கவுண்டர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் வந்த வண்டி? இதுவும் குடிக்குமா என்று விசாரித்திருக்கிறார். குடிக்கும், மேலே இருக்கிற அந்த வாய் வழியாகத்தான், இப்போது வயிறு காலி என்று பைலட் வெகுளியாகச் சொல்லியிருக்கிறார். என்ன குடிக்கும்? தீ வைத்தால் பற்றிக்கொள்ளுமே, அந்த மாதிரி ஒன்று என்றாராம் பைலட்.

"எங்களுதும் பத்துமுங்க. சட்டம் ஓட்டுறவருக்குத்தானுங்களே? ஓடுறதுக்கு இல்லீங்களே?" என்றார் கவுண்டர்.

மறுநாள் காலை பைலட் தூங்கி எழுவதற்குள் கவுண்டரின் மச்சான் றெக்கை மேல் ஏறிப் பானை பானையாக ஊற்றியிருக்கிறார். பைலட் அலறிக்கொண்டு ஓடிப்போய்த் தடுத்ததில் கடைசிப் பானை அவர் தலையிலேயே கவிழ்ந்துவிட்டது. அன்று உச்சிப் பொழுதுக்குத்தான் நான் மூக்கை நீட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

நான் பைலட்டைத் தனியே கூப்பிட்டு, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கோபமாகவே கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"சொன்னா இவங்களைப் புடிச்சிட்டுப் போயிடுவீங்க சார். எனக்குன்னு கஷ்டப்பட்டு ஊத்தினாங்க. எனக்குப் போனா லைசென்ஸோட போகும்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அந்த லைசென்ஸ் அவருக்கு என்ன என்பதை இரண்டு நாளாகப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

அதற்குள் தாசில்தார் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் ரிப்போர்ட்டை உரக்கப் படித்தார். அந்த ஒரு வரி வந்தபோது பைலட் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பைலட் தப்புவார், மூன்று வீட்டுக் குடும்பஸ்தர்கள் சேலம் ஜெயிலுக்குப் போவார்கள். சும்மா இருந்தால் அவர்கள் தப்புவார்கள், இவர் இனிமேல் பறக்க முடியாது. தாசில்தார் மெக்கானிக் கையிலிருந்த குவளையைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் அதை வாங்கி, எல்லோரும் பார்க்க நன்றாக இழுத்து முகர்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பெட்ரோலுங்க. அன்னிக்கும் அவர் மேல அடிச்சது இந்த வாடைதானுங்க. நான்தான் தப்பா எழுதிட்டேன். வண்டி விழவும் இல்லீங்க, அவர்தான் பதனமா இறக்கியிருக்காரு."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கவுண்டருக்குப் பொறுக்கவில்லை. தன் சாராயத்தை ஒருவன் நாலு பேர் நடுவில் பெட்ரோல் என்று சொல்வதா?

"பெட்ரோலுங்களா? சாமி, கடுக்காயும் வேலம்பட்டையும் போட்டு எங்க ஊட்டுல..." என்று ஆரம்பித்தார். அவர் சம்சாரம் முந்தானையால் அவர் வாயைப் பொத்தி, பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிப் பின்புறமாகவே நடந்து போனதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

குவளை இருந்த தூரத்துக்குத் தாசில்தாருக்கும் வாடை அடித்திருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மலை ஏறினதுல எனக்கு ரெண்டு காதும் அடைச்சுப் போச்சு. அந்த ஆள் ஏதோ சொன்னாரே, என்ன?" என்றார். நல்ல மழை வேணுமாம் என்றேன். பெய்யும் பெய்யும் என்று சொல்லிவிட்டு, அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்துப் பைலட்டிடம் நீட்டினார். பைலட் அதை வாங்கி மெழுகுத் துணியில் சுற்றினார். திரும்பவும் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றினார்.

என்னைப் பார்த்து தாசில்தார், வேறு ரிப்போர்ட் எழுதும், இந்தத் தடவை தெரிந்ததை மட்டும் எழுதும் என்றார். சாராயத்துக்கும் பெட்ரோலுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று என் சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. இலாகாவில் வெகு காலம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பிறகு சேர்ந்தவர்கள் இன்ஸ்பெக்டர் ஆனார்கள். சொந்த மாமனாரே அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார்.

மத்தியானம் ஊரே சேர்ந்து காட்டில் கல் பொறுக்கி வழி செய்தது. விமானம் சரிவில் தடதடவென்று ஓடி, மலை விளிம்பைத் தாண்டி, அப்படியே கீழே போய் மறைந்துவிட்டது. நான் என்னை அறியாமல் பக்கத்திலிருந்த கவுண்டரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தூரத்தில் பள்ளத்திலிருந்து சின்னதாக மேலே ஏறி வந்தது. எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி றெக்கையை ஆட்டிவிட்டுக் கிழக்கே போனது.

"எல்லாத்தையும் கொட்டிப்புட்டாங்கன்னு நெனச்சேனுங்க. அடியில கொஞ்சம் நின்னிருக்கும் போல. அந்தத் தெம்புதானுங்க" என்றார் கவுண்டர்.

முப்பது வருஷ உத்தியோகத்தில் அரசாங்கத்திடம் நான் வாயால் சொன்ன பொய் அந்தப் பெட்ரோல் பொய்தான், அதை நினைத்து நான் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால், படிக்க நன்றாக இருக்கிறதே என்று நானாகச் சேர்த்து எழுதின அந்த ஒரு வரி இருக்கிறதே, யாரைப் பற்றியாவது ஏதாவது எழுதப் பேனாவை எடுத்தால் இன்றைக்கும் அதுதான் முதலில் வந்து என் கையைப் பிடிக்கிறது.