நாற்பதாவது ஆள்

அம்பிட்டியப் பக்கம் எங்கள் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு மலை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது நிற்பது நாங்கள் தின்று மிச்சம் வைத்தது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் பேச முடியாது. கொடுத்தாலும் உம்மாவை விட்டுத் தூரமாகக் கொடுக்க மனம் வராது. உம்மா குசினி அடுப்படியில் நின்று கூப்பிட்டால் மகளுக்குக் கேட்க வேண்டும். முன்னால் ரோடு, இரண்டு பக்கமும் வாப்பாவின் தம்பிமார், சாச்சாமார் வீடு, மிச்சம் பின்னால் மலைதான். மண் வெட்டுகிற பெக்கோ மெஷினைக் கொண்டுவந்து சரிவை வெட்டினோம். அதே வரிசையில் ஒருத்தருக்கு நாலு பெண்கள், நாலு வெட்டு. மண்ணைப் பிடித்து நின்ற மரமெல்லாம் போனது. மழைத்தண்ணீர் இறங்குகிற கானையும் மூடினோம். இனி அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று ஒருத்தனாவது கேட்டானா? நான் கேட்டேனா? டவுனில் எனக்கு ஹாட்வெயார் கடை. அத்தனை வீட்டுக்கும் சிமெந்து கொடுத்தவனே நான்தான். என் மகளுக்காக வெட்டியதுதான் எல்லாவற்றிலும் ஆழம். வந்தவன் போனவனுக்கெல்லாம் அதைப் பெருமையாகக் காட்டினேன், மடையன்.

முன்பெல்லாம் மழை நாள்கணக்கில் தூறிக்கொண்டிருக்கும். இப்போது ஒரு மாதத்து மழை ஒரே காலையில் கொட்டுகிறது. அப்படி ஒரு காலையில், மகள் வீட்டுப் பின்சுவர் வயிறு தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. கதவு இறுகிப்போய்த் திறக்கவில்லை. மகளையும் மருமகனையும் ஜன்னலால் இழுத்தெடுத்தோம். கொஞ்ச நேரத்தில் கட்டில், அலுமாரி, கதிரை எல்லாவற்றையும் மண் ரோட்டில் கொண்டுபோய்ப் போட்டது. உயிர் ஒன்றும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மலையைப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். என் வீட்டோடு சேர்த்து வரிசையாகச் சிவப்புப் பெயின்டில், இனி இருக்கக்கூடாது என்று, புள்ளடி போட்டார். மலை இன்னும் நகர்கிறதாம். எவ்வளவு உயரத்துக்கு மதில் கட்டினால் நிற்கும் என்று கேட்டேன். சிமெந்துக்காரனுக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்? மனிதர் என்னைப் பாவமாகப் பார்த்தார். மதிலால் ஆகாது, நீங்கள் எல்லாரும்தான் போக வேண்டும் என்றார்.

எல்லாரும் சேர்ந்து போக ஓரிடம் யாரிடமும் இல்லை. மகள் குண்டசாலையில் வாடகை வீடு எடுத்தாள். நாலு பெண்களின் வாப்பா நாவலப்பிட்டிக்குப் போனார். அங்கேயும் மலைதானே என்று கேட்டேன். சாமானோடு லொறியில் ஏறினார்.

பள்ளிவாசல் மட்டும் கீழே மட்டமான இடத்தில் இருந்ததால் தப்பியது. ஆனால் எங்கள் மத்ஹபின் மார்க்கச் சட்டப்படி வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழ, அந்த ஊரிலேயே குடியிருக்கிற ஆண்கள் நாற்பது பேர் வேண்டும். குறைந்தால் ஜும்ஆ கிடையாது, மற்ற நாள் மாதிரி நடுப்பகல் ளுஹர் தொழுகைதான். படியில் செருப்புக் கழற்ற இடமில்லாத காலத்தில் இந்தச் சட்டம் எங்களுக்கு ஒரு பொருட்டா? இப்போது மௌலவி பிரசங்கம் செய்ய மிம்பர் மேடையில் ஏறுவதற்கு முன்னால் கண்ணாலேயே எண்ணத் தொடங்கினார். ஐம்பது சொச்சம், நாற்பத்தைந்து, நாற்பத்தொன்று. ஒரு வெள்ளிக்கிழமை சரியாக நாற்பது. நாற்பதாவது ஆள் நான்.

ஜும்ஆ நின்றால் எங்கள் ஊர் முடிந்தது. அதற்காகவே புள்ளடி போட்ட வீட்டில் பிடிவாதமாக இருந்தேன். மழை இருட்டினால் மனைவி பையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்காருவாள். நான் போனால் ஜும்ஆ போய்விடும் என்று ஒருநாள் அவள் மேல் சீறி விழுந்தேன்.

"நீங்க மண்ணுக்குள்ள போனாலும் முப்பத்தொன்பதுதானே?" என்றாள்.

அந்த வாரமே மகள் வீட்டுக்குச் சாமான் ஏற்றினோம்.

வெள்ளிக்கிழமை குண்டசாலையிலிருந்து பஸ் பிடித்து, டவுனில் த்ரீவீலர் எடுத்து, நேரத்தோடு போய் முன்வரிசையில் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். மௌலவி எண்ணினார். எண்ணிவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தி, கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹாஜியார், நீங்க இப்ப குடியிருக்கிறது எங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அல்லாஹ்வே, பள்ளிக்குள் இருந்துகொண்டு.

"குண்டசாலையில" என்றேன்.

அவர் மிம்பரில் ஏறவில்லை. குத்பாப் பிரசங்கம் இல்லை. ளுஹருக்கு வரிசை கட்டினோம். நின்று, குனிந்து, நெற்றி வைக்கிற ரக்அத் ஜும்ஆ என்றால் இரண்டோடு முடியும், ளுஹருக்கு நான்கு. இரண்டு முடிந்து மூன்றாவதுக்கு எல்லாரும் எழும்பினார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளியில் மூன்றாவது ரக்அத்துக்கு நான் எழும்பியதே இல்லை. எல்லாரும் நிற்க, நான் மட்டும் ஜும்ஆ முடிந்தவன் மாதிரி இருப்பிலேயே இருந்துவிட்டேன்.