பாவு முடியட்டும்

எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது காலண்டரில் சிவப்பாக இருக்கும் ஒரு நாள், அவ்வளவுதான். பிள்ளையார்பாளையத்தில் தறி நிற்பது அமாவாசையன்று. அதனால் முழுப்பரீட்சை லீவில் தெருப் பையன்கள் நடத்தும் கோடை விழாவும் மே மாதத்து அமாவாசையன்றுதான் வரும். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பதையே ஒரு நிகழ்ச்சியாகக் காலையிலிருந்து மத்தியானம் வரை நடத்துவார்கள். அப்புறம் சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம், மியூசிக்கல் சேர். வெயில் தாழ்ந்ததும் பெண்களுக்கான ஸ்லோ சைக்கிள். அதற்குத்தான் தெருவே கூடும்.

ஸ்லோ சைக்கிளில் என் அத்தையை, அதாவது அப்பாவின் தங்கையை, அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓட்ட வேண்டும், கால் தரையில் படக்கூடாது, கடைசியாக வருபவருக்குப் பரிசு. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளை வைத்துக்கொண்டு அத்தை வருடாவருடம் எங்கள் வீட்டுக்கு எவர்சில்வர் பாத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தாள்.

மற்ற நாளெல்லாம் அவள் தறியில்தான் இருந்தாள். கோர்வைப் புடவையை ஒரே ஆள் நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஒரு பக்கத்துக் கரைக்கு ஊடை நூல் ஓடும் நாடாவைத் தனியாகத் தள்ள, நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். தம்பி பிறந்ததிலிருந்து அம்மாவுக்கு இடுப்பு வலி. வெளியாள் வைத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே அத்தை. அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் அப்பாவும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகவிருந்த அந்த வருடம், விழா பார்க்க ஓரிக்கையிலிருந்து ஓர் அம்மாவும் அவர் மகனும் வந்தார்கள். விழா ஒரு சாக்கு. வந்தது அத்தையைப் பெண் பார்க்க. வீட்டுக்கு நேராக வந்து, பிறகு அது அமையாமல் போனால் தெரு சும்மா இருக்காது என்று அம்மா செய்த ஏற்பாடு அது. எங்கள் ஆட்கள்தான், ஆனால் வீட்டில் தறி கிடையாது. மகனுக்குக் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை.

அத்தை போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவது? சைக்கிளில் பின்னால் உட்கார்த்தி யார் ஊர் சுற்றிக் காட்டுவது? ஓரிக்கை ஒன்றும் அமெரிக்கா இல்லை, சைக்கிள் மிதித்தால் வந்துவிடும் தூரம். அதெல்லாம் அந்த வயதில் தோன்றவில்லை. அத்தையோ என்னுடைய முத்து கிளிப்பைக் கேட்டு வாங்கித் தலையில் குத்திக்கொண்டாள். எதற்குமே என்னிடம் இரவல் கேட்காதவள்.

போட்டியில் மற்றவர்களெல்லாம் கோட்டைத் தாண்டியும் காலை ஊன்றியும் ஒதுங்கிவிட, அத்தை மட்டும் நடுத்தெருவில் கிட்டத்தட்ட நின்றுகொண்டிருந்தாள். ஓரிக்கைக்காரர் என் பக்கத்தில்தான் இருந்தார்.

"எப்பிடிப் பாப்பா உங்க அத்தை விழாம நிக்கிறாங்க?"

"எங்க அத்தை அப்படித்தான். எங்கயும் போவ மாட்டாங்க" என்றேன் வெடுக்கென்று. அவர் சிரித்துவிட்டார். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் குடத்தை அத்தை வாங்கியபோது முதலில் கைதட்டியவரும் அவர்தான். அத்தை அந்தப் பக்கம் பார்க்காமலே சிவந்துபோனாள்.

பிறகு இருவரும் எங்கள் வீட்டுக்கு ஜூஸ் குடிக்க வந்தார்கள். தறி இருக்கும் அறைதான் எங்களுக்குக் கூடமும். நின்றிருந்த தறிக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, அந்த அம்மா சுற்றி வளைக்காமல் பேசினார்.

"எங்களுக்குப் பொண்ண ரொம்பப் புடிச்சிருக்குதுப்பா. ஆவணியில வச்சிக்கலாமா?"

அப்பா தறியைப் பார்த்தபடி சொன்னார்.

"தறியில ஒரு பாவு ஓடிக்கினு இருக்குதும்மா. அது முடியட்டும். முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன்."

"அதுக்கென்னா, நல்லா முடிச்சிட்டு வாங்க" என்றார் அந்த அம்மா சந்தோஷமாக.

அம்மா மட்டும் "என்னங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அத்தை அப்பாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து எனக்குப் பாவின் மேல்தான் கண். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். ஒரு பாவில் மூன்று புடவை வரும். இரண்டு முடிந்து மூன்றாவதும் ஏறிவிட்டது. அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாலே ஓரிக்கைக்குத்தான் போகிறார் என்று நினைத்துத் தெருக்கோடி வரை பின்னாலேயே ஓடுவேன். அவர் டீக்கடைக்குள் நுழைந்தால்தான் மூச்சு வரும்.

ஒரு நாள் காலை, தெருவில் நீட்டிக் கட்டிப் பதம் பார்த்த புதுப் பாவைச் சுருட்டி எடுத்து வந்தார்கள். அத்தை தறிக்குப் பின்னால் உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய பாவின் நுனியில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக வைத்து முறுக்கிச் சேர்க்க ஆரம்பித்தாள். எத்தனையோ முறை பார்த்ததுதான். அன்றுதான் எனக்கு உறைத்தது. பாவு முடியப்போவதில்லை. ஒன்று தீரும் முன்பே அடுத்ததைப் பிணைத்துவிடுவார்கள், தறி ஓடிக்கொண்டே இருக்கும். தறிக்காரர்களுக்கு இது தெரியும். ஓரிக்கைக்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

"அத்தை, அப்போ இந்தப் பாவு முடியவே முடியாதா?"

"சாம்பக் கிண்ணத்த இப்படித் தள்ளு" என்றாள் அத்தை.

நான் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுத் தெருவுக்கு ஓடி, அத்தை எங்கேயும் போகவில்லை என்று என் கூட்டாளிகளிடம் குதித்துக் குதித்துச் சொன்னேன். அந்தக் குதியாட்டத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்பா கெட்டவர் இல்லை. ஐந்து வயிறும் அந்தத் தறியை நம்பித்தான் இருந்தன. அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை, இன்றுவரை மன்னிக்கவும் முடியவில்லை. அன்றைக்கு அத்தைக்கு இருந்த வயதை நான் தாண்டிவிட்டேன். எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்தைதான் தறியிலிருந்து எழுந்து வந்து கதவைத் திறக்கிறாள். அந்தக் குடத்தில்தான் குடிதண்ணீர் பிடித்து வைக்கிறாள்.

அந்த வருடத்து ஆடி அமாவாசையன்று ஓரிக்கை அம்மா மறுபடியும் வந்தார். தறி ஓடவில்லை. அப்பா தர்ப்பணம் கொடுக்கக் குளத்துக்குப் போயிருந்தார், அம்மா அடுப்படியில் இருந்தாள். வாசலில் நானும் அத்தையும்தான். அத்தை உள்ளே கூப்பிட்டும் அவர் வரவில்லை.

"ஆடி மாசம்மா, நல்ல காரியத்த உக்காந்து பேசக்கூடாது. நின்னுக்கினே கேட்டுட்டுப் போறேன். பையன் தெனம் கேக்குறான். பாவு முடிஞ்சிதா?"

அப்பா இல்லை. அம்மாவுக்குக் காதில் விழவில்லை. அத்தை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் திரும்பித் தறியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னும் இல்லீங்கம்மா" என்றாள்.

அந்த அம்மா நாங்கள் இருவரும் நின்ற வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று சொல்லிப் போனார். அத்தை பொய் சொல்லவில்லை என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் அத்தை அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றாள். பூக்காரம்மா வருகிறாரா என்று பார்க்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டு, "வா அத்தை, சைக்கிள்ள ஒரு ரவுண்டு போலாம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.