பதினேழாம் எண் தலைக்கவசம்

பல் கட்டும் லேபில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் அவளுக்குத் தம்பி வைத்த பெயர் சட்டாம்பிள்ளை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிற ரகம். அப்படிப்பட்டவளைப் பிடித்து, கதாபாத்திரங்களாக வேடம் போட்டு வரும் காஸ்ப்ளே விழாவில் கைவேலைப் போட்டியை நடத்தச் சொன்னார்கள். போன வருஷம் நடுவர் தன் மச்சானுக்கே முதல் பரிசைத் தூக்கிக் கொடுத்து, எல்லாரும் காறித் துப்பியிருந்தார்கள்.

அவளே விதிகள் எழுதினாள். போட்டியாளர்கள் தாங்கள் செய்த வாளையோ கேடயத்தையோ மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். பொருளில் பெயர் இருக்காது, எண் மட்டும். செய்தவர் கையைத் தவிர வேறு கை படக்கூடாது.

நடுவர்கள் வரப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பதினேழாம் எண் ஸ்டிக்கர் கோணலாக இருப்பது கண்ணில் பட்டது. துருப்பிடித்த இரும்பு மாதிரி வண்ணம் அடித்த ஃபோம் தலைக்கவசம். சும்மா விட்டிருக்கலாம். சட்டாம்பிள்ளைக்கு மனசு கேட்குமா? உரித்தாள். ஸ்டிக்கரோடு நெற்றிப் பெயிண்ட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வந்துவிட்டது.

சொன்னால், இந்த வருஷமும் தில்லுமுல்லு என்பார்கள். சொல்லாவிட்டால் பாவம், யாரோ தோற்பார்கள். போட்டியாளர்களுக்காக ஓரமாகப் போட்டிருந்த பழுது பார்க்கும் மேசையிலிருந்து பிரஷ்ஷையும் பெயிண்ட்டையும் எடுத்தாள். பல்லுக்குப் பல் நிறம் சேர்த்துப் பழகிய கை. தன் பாட்டுக்கு விளிம்பில் ஒரு நிழலையும் இழுத்துவிட்டது. எண்ணைப் பின்பக்கம் நேராக ஒட்டினாள்.

மூத்த நடுவர் நாடக மேடைக்குத் திரை வரைகிறவர். பதினேழின் முன் குனிந்தார். "மத்ததெல்லாம் சுமார்தான். ஆனா இந்த ஒரு இடத்தப் பாருங்க. துருன்னா இதுதான் துரு."

முதல் பரிசு பதினேழுக்கு. கோப்பையை நீட்ட வேண்டியவளும் அவள்தான்.

மேடையேறியவர் ஒரு தபால்காரர். போர்வீரன் வேடத்திலும் தபால்காரர் நடைதான். நடுவர் அந்த இடத்தைத் தொட்டு, "இத எப்படிப் பண்ணீங்க?" என்று மைக்கை நீட்டினார். தபால்காரர் உற்றுப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இது நான் பண்ணலைங்க."

கூடம் சலசலத்தது. யாரோ கேலியாகச் சிரித்தார்கள். இப்போது அவள் வாயைத் திறக்காவிட்டால் அந்த மனிதருக்கு ஏமாற்றுக்காரர் என்ற பட்டம்தான்.

"நான்தான் பண்ணேன்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ஸ்டிக்கர உரிக்கும்போது பெயிண்ட் வந்துடுச்சு. பயந்துபோய் நானே பூசிட்டேன்."

நடுவர்கள் அந்த இடத்தைக் காகிதம் வைத்து மறைத்து மறுபடி பார்த்தார்கள். பதினேழு நாலாவது இடத்துக்கு இறங்கியது. கோப்பை வேறொருவருக்குப் போனது.

தபால்காரர் தலைக்கவசத்தை எடுக்க வந்தபோது, திட்டப்போகிறார் என்று ஒடுங்கி நின்றாள். அவர் திட்டவில்லை.

"என்னக் கூப்பிட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல நானே பூசியிருப்பேனே மேடம். கதவுக்கு அந்தப் பக்கம்தான நின்னுட்டிருந்தேன்."