ஆட்டோ வழிக்கு வந்த திருத்தங்கள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, கொழுந்தன் பிள்ளை ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. துறைமுக வேலைக்கு வந்தவரைக் கட்டிக்கொண்டு கல்கத்தா வந்தேன். இப்போது லேக் மார்க்கெட் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்தி கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவள். அவளுக்கு நடந்ததை, எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

போனில் வழி காட்டுகிற ஒன்று இருக்கிறது. அது யாருக்கும் சொந்தமில்லை. எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் ஓய்வு நேரத்தில் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதுகிறார்கள். அதில் இந்த ஊர் பஸ் உண்டு, மெட்ரோ உண்டு. பஸ் மாதிரி ஒரே வழியில் ஆள் சேர்த்து ஏற்றிப்போகும் ஆட்டோ மட்டும் கிடையாது. நான் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போவதே அந்த ஆட்டோவில்தான். அதைச் சேர்க்கவேண்டும் என்று பேத்தி மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதி அனுப்பினாள். அவள் அங்கே எழுதியது அதுதான் முதல் தடவை.

யார் எழுதினாலும் அங்கே பழைய ஆள் ஒருவர் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே சேரும். இவளுக்கு வாய்த்தவர் சீப்பு வைத்துச் சீவுகிற மாதிரி படிக்கிறவர்.

"இங்க ஒரு இடைவெளி ஜாஸ்தியாம் ஆச்சி. இந்தப் பேரு நீளமாம். இந்த வரிக்குக் கடைசில புள்ளி இல்லியாம்."

ஒவ்வொன்றையும் வந்த கையோடு திருத்தி, மன்னிப்பும் எழுதி அனுப்புவாள். அவர் மறுபடி முதலிலிருந்து படிப்பார். வேறு நாலு வரும். தட்டில் தோசை விறைத்துப்போய்க் கிடக்கும்.

மகனுக்குப் பொறுக்கவில்லை. "துட்டா தாராங்க? தூக்கிப் போட்டுட்டு உன் சோலியப் பாரு."

"துட்டு தந்திருந்தா எப்பவோ போட்டிருப்பேம்ப்பா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். முகம் வீங்கியிருந்தது. "என்னல்லாம் சொல்லிருக்காருன்னு நீயே கேளு" என்று, நான் பீன்ஸ் நறுக்குகிற இடத்துக்கு வந்து உட்கார்ந்து மேலிருந்து வாசித்தாள். தமிழில் கொஞ்சம், வங்காளத்தில் கொஞ்சம், திட்டு எல்லாம் வங்காளத்தில். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என்னட்டி?"

"திரும்பி வரும்போதும் இதே தெருவான்னு கேட்டிருக்காரு. நான் பாக்கவே இல்ல ஆச்சி."

இங்கே சில தெருக்களில் வண்டி காலையில் ஒரு திசையில் ஓடும், மதியத்துக்கு மேல் எதிர்த்திசையில் ஓடும். அதை அவள் எழுதவில்லை. இடைவெளிக்கும் புள்ளிக்கும் நடுவே அந்த ஒரு கேள்வி அமுங்கிக் கிடந்திருக்கிறது.

அன்றைக்கு அவள் மன்னிப்பு எழுதவில்லை. "திரும்பும் வழி நீங்கள் கேட்டது சரி, அதை மாற்றி எழுதுகிறேன். மீதியில் எதைச் செய்யாவிட்டால் சேர்க்கமாட்டீர்கள் என்று சொல்லுங்கள், கடைசியில் மொத்தமாகச் செய்கிறேன்" என்று எழுதினாள். எனக்கு அந்த எழுத்து பிடித்திருந்தது. பணிவு இருந்தது, கூழைக்கும்பிடு இல்லை.

பதில் வந்தது. திரும்பும் வழி ஒன்றுதான் முக்கியமாம். அற்பமான திருத்தத்துக்கு முன்னால் 'சின்னது' என்று போடுவது அவர்கள் வழக்கம். போட்டால், செய்தாலும் சரி, விட்டாலும் சரி. படிக்கிற வேகத்தில் அவர் அதைப் போட மறந்துவிட்டாராம். புது ஆளுக்கு அது தெரியாது என்றும் தோன்றவில்லையாம். இந்த ஆட்டோவை யாராவது எழுத மாட்டார்களா என்று வெகுநாளாகக் காத்திருந்தாராம்.

"பாவம்ட்டி, ஒத்தையில கெடந்து எல்லாத்தையும் படிக்காக போல."

"ஆமா, உனக்கு அவரு பாவம். நான்?"

துர்கா பூஜைக்கு முன்னால் அவள் எழுதியது உள்ளே சேர்ந்தது. மகன்தான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இப்போது அடுத்ததை எழுதுகிறாள்.

"அவுக இன்னிக்கு என்ன குத்தம் கண்டாக?" என்று கேட்பேன்.

"மூணு. எல்லாம் சின்னது. ரெண்டச் செஞ்சுட்டேன். ஒண்ணு முடியாதுன்னு எழுதிட்டேன், சிரிப்புப் பொம்ம போட்டு அனுப்பிருக்காரு."

இவ்வளவும் என் கையால் எழுதினேன். ஏட்டி, இங்க வா, இத வாசிச்சுக் காட்டு. கடைசி வரைக்கும் வாசி, பெறவு குத்தம் சொல்லு.