இரண்டு லாட்டும் ஒரே டப்பாவில்

நாமே தோட்டா செய்துகொள்ளும் வசதியெல்லாம் எங்களுக்குக் கிடையாது. ரைபிள் கிளப் வாங்கித் தருவதைத்தான் சுட வேண்டும். வந்ததில் எது பிஸ்டலுக்கு ஒத்துவருகிறது என்று சோதிப்பது மட்டும்தான் நம் கையில்.

என் பிஸ்டல், சுட்டதும் வெறுங்கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. மாநிலப் போட்டிக்கான தேர்வு நெருங்கிய சமயம், கிளப்பில் ஒரே கம்பெனித் தோட்டா இரண்டு லாட், அதாவது வெவ்வேறு சமயத்தில் தயாரான இரண்டு தொகுதி, இருந்தது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து, அவிநாசிபாளையம் தாண்டி கிளப்பின் சுடுதளத்துக்குப் போய், இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டேன். பழைய லாட் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. புதுசுக்கு வேகம் போதவில்லை. வெறுங்கூடு பாதியிலேயே மாட்டி நின்றது. கிளப் செயலாளரிடம் சொல்லி, எனக்குப் பழைய லாட்டை ஒதுக்கி வைக்கச் சொன்னேன். ஆகட்டும் என்று தலையாட்டினார்.

தேர்வன்று போய்ப் பார்த்தால், எல்லாப் பெட்டியையும் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி, கையால் அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். லாட் நம்பர் பெட்டியில்தான் இருக்கும். பெட்டி குப்பையில் கிடந்தது.

“ஆளுக்கொரு லாட்டு குடுத்தா சண்டை வரும் கண்ணு. கலந்துட்டா எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.”

இவர் பனியன் கம்பெனி முதலாளி. வேற வேற லாட் சாயத் துணி பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலே கட்டிங் மாஸ்டரை நிற்க வைத்துத் திட்டுகிற மனுசன். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். லாட் கலந்துபோய் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலமாக வந்த டி-சர்ட்டுக்கு, துணி வாங்கும் வெளிநாட்டுப் பையரிடம் மன்னிப்பு மெயில் எழுதியவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்க கட்டிங் டேபிள்ல இப்படிக் கலப்பீங்களாங்க?”

“அங்க பையர் கேப்பான் கண்ணு. இங்க யாரு கேக்கறா?”

போட்டியின் ஒரு கட்டத்துக்கு ஒருமுறை தோட்டா சிக்கினால் மன்னிப்பு உண்டு. மறுபடி சிக்கினால், சுடாமல் விட்டதெல்லாம் பூஜ்யம். முதல் கட்டத்திலேயே எனக்கு இரண்டு தரம் சிக்கியது.  தேர்வானவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை.

முடிவு சொல்லி முடித்ததும் செயலாளரே மைக்கில், யாராவது ஏதாவது சொல்வதானால் சொல்லலாம் என்றார். எழுந்தேன்.

“நான் கேக்கறேனுங்க. ரெண்டு லாட்டையும் எதுக்குக் கலந்தீங்க?”

அவர் சிரித்தார். “புள்ளைக்குத் தோத்த கோவம்.” நாற்காலிகளெல்லாம் சேர்ந்து சிரித்தன.

தோற்ற கோபம்தான். இல்லை என்று யார் சொன்னது? அவர் மைக்கை அணைத்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். நான் உட்காரவில்லை. மைக் இல்லாமலே, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி அதையே மறுபடி கேட்டேன்.